ஷவரின் கழுத்தில் ஒரு கொக்கி

1

இந்தக் கதை ஒரு கொக்கியிலிருந்து வந்தது. கும்மிடிப்பூண்டி ஆலைக் குடியிருப்பில் நாங்கள் குடியேறிய வீட்டில், குளியலறை ஷவரின் கழுத்தில் தடித்த கம்பிக் கொக்கி ஒன்று இருந்தது. எதற்கென்று பக்கத்து வீட்டு ஜானகியம்மாளைக் கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "முன்ன இருந்த செல்லியம்மா வவுறு கழுவிக்க மாட்டுனது" என்றார். அதற்கு மேல் சொல்ல வெட்கம். மிச்சத்தை நான்தான் எழுத வேண்டும்.

2

செல்லியம்மாளுக்கு மலச்சிக்கல்.

(அடித்துவிட்டேன். மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது.)

ஏரியோரம் பிறந்தவள் ஏரியைப் பிரிந்தபோது அவள் உடலும்...

(வேண்டாம். செல்லியே சிரிப்பாள்.)

எழுபத்தெட்டாம் வருஷம் லோகநாதன் பழவேற்காட்டில் மீன்வலையைக் கைவிட்டு, இரும்பாலையில் குழாய் பொருத்தும் வேலைக்கு வந்தான். கூடவே மனைவி செல்லியம்மாள். இங்கே வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். குப்பத்தில் பெண்கள் விடியுமுன் சேர்ந்து சவுக்குத் தோப்புக்குப் போவார்கள்; புதருக்கு ஒருத்தியாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அதற்குப் பெயர் 'வெளியே போவது'. வீட்டுக்குள் வெளியே போவது எப்படி என்று செல்லிக்குப் புரியவில்லை. விளக்கெண்ணெய்க்கும் பேதி மாத்திரைக்கும் வயிறு மசியவில்லை.

"வர்ற வெள்ளிக்குள்ள வெளிய போவலன்னா, எங்க ஆத்தா ஊட்டுக்குப் போயிடுவேன். அப்பால திரும்ப மாட்டேன்" என்றாள்.

சொன்னால் செய்கிறவள்.

3

ஆலைக் கம்பவுண்டர் எனிமா கொடுத்துவிடலாம் என்றார். "அந்தாளு கையாலயா? செத்தாலும் மாட்டேன்" என்றாள் செல்லி.

லோகநாதன் பொன்னேரி மருந்துக்கடையில் ரப்பர் குழாயும் அதன் முனையும் வாங்கி வந்தான். ஷவரின் துளைத் தலையைக் கழற்றிவிட்டுக் குழாயைச் செருகினான். வெறுமனே ஒருமுறை திறந்து பார்த்தான். குழாய் விலாங்கு போலத் துள்ளியது. சோப்புப் பெட்டி எதிர்ச் சுவரில் போய் விழுந்தது.

"யோவ், இது வவுத்துக்கா, நெருப்பணைக்கவா?"

"டேங்கு ஒசரத்துல கீதும்மே. அதான் வேகம்."

"என்னிய மெட்ராஸ் வரிக்கும் தள்ளிடும் போலகீதே!"

(அடிக்குறிப்பு ஒன்று: வாசகர் யாரும் வீட்டில் முயல வேண்டாம். குழாய்த் தண்ணீரின் வேகம் குடலைக் கிழித்துவிடும். கதைக்காக உயிரை விடாதீர்கள்.)

மறுநாள் ஷவரின் கழுத்தில் கொக்கி முறுக்கி, அடியில் துளையிட்ட தூக்குவாளியை மாட்டினான். ஷவர் வாளியை நிரப்பும். வாளியிலிருந்து தண்ணீர் ரப்பர் குழாய் வழியே மெல்ல இறங்கும். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் தானே வெதுவெதுவென்றிருந்தது. திறந்து மூடும் திருகு அவள் கையில்.

4

இங்கே எனக்கு லோகநாதன்மேல் சந்தேகம் வருகிறது. அந்தக் காலத்து ஆண் இத்தனை செய்வானா? ஆனால் அவன் குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்ததை ஜானகியம்மாள் கண்ணால் பார்த்திருக்கிறார். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை. செல்லி உள்ளே.

"இன்னாச்சும்மே?"

"தண்ணி போய்க்கினு கீது. நீ அந்தாண்ட போ."

போனான். தண்ணீர் போனது, வேறெதுவும் வரவில்லை. நாலு சுவருக்கு நடுவில் அவளுக்குப் பயம் பிடித்தது. தோப்பில்கூட அவள் தனியாக உட்கார்ந்ததில்லை.

"யோவ், கீறியா?"

"கீறேன்."

"எதுனா பேசு."

"இன்னா பேசறது?"

"தோப்புல நாங்க இன்னா பேசுவோமோ, அத்த."

கதவருகே வந்து உட்கார்ந்தான். யோசித்தான். "தாயாரம்மா மருமவ கோச்சிகினு ஆத்தா ஊட்டுக்குப் பூட்டாளாமே?"

"அவ எங்க போனா? மாமியார்காரிதான் போனா! ஒனக்கு ஒரு கதையும் ஒயுங்கா வராது."

"செரி, நீ சொல்லேன்."

செல்லி சொல்லத் தொடங்கினாள். மாமியார் மூட்டையோடு கிளம்பி, பாதி வழியில் மீன்கூடைக்காகத் திரும்பி வந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கியது.

5

ஒரு முடிவு: வெள்ளிக்கிழமை அவள் பஸ் ஏறினாள். (எழுதினேன். கை ஒப்பவில்லை. கொக்கியின் உள்வளைவு தேய்ந்து பளபளக்கிறது. ஒரு நாளில் அப்படித் தேயாது.)

இன்னொரு முடிவு: தண்ணீர்தான் குணப்படுத்தியது. அல்லது பேச்சு. (எதுவென்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.)

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். உள்ளே சிரிப்பு நின்றிருக்கிறது. லோகநாதன் கதவில் காதை வைத்திருக்கிறான். அந்நேரம் பார்த்து, ஆத்தா வீட்டுக்குப் போய்விடுவேன் என்ற செல்லியின் மிரட்டலை முன்பே கேட்டிருந்த ஜானகியம்மாள், வாசலிலிருந்து குரல் கொடுக்கிறார்:

"இன்னாப்பா, செல்லி வெளிய பூட்டாளா?"

லோகநாதன் திரும்புகிறான். அவன் சொன்ன பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஜானகியம்மாள் அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டார். அவன் முகத்தை மட்டும் நடித்துக் காட்டினார்.