மரச்சீனி விளைக்குள் போனவர்கள்

1954 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, காரோட்டு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐம்பத்தெட்டுப் பேர் ஒரு படத்துக்குள் இறங்கிப் போனார்கள். அன்று பாறசாலைச் சந்தையில் சாளை மீன் மலிவு, வானம் மூடியிருந்தது.

படம் அந்தப் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் லீலாபாயுடையது. பூக்களையும் செடிகளையும் வைத்து ஏழு பெண்கள் சேர்ந்து அங்கே நடத்திய கண்காட்சியில் அது இருந்தது. கல்யாணசுந்தரி தாமரை வரைந்திருந்தாள். சுகுமாரி ரோஜாவை எம்பிராய்டரி போட்டிருந்தாள். லீலாபாயோ நாலு படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து, செம்மண்ணும் இலைச்சாறும் குழைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு மரச்சீனி விளையை, மரவள்ளிக் கிழங்குத் தோட்டத்தை, வரைந்து வைத்தாள். தின்கிற கிழங்கையெல்லாமா படம் போடுவார்கள் என்று மற்ற ஆறு பேரும் முகம் சுளித்து, அதைப் பின்சுவரில் மாட்டினார்கள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தம்பி விஜயதாஸ் பார்த்தால் போதும். தமிழ்த் தாலுகாக்களை மதராசோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் தந்திக் கம்பியை அறுத்தான் என்று போலீஸ் மூன்று மாதமாகத் தேட, அவன் அம்பூரி மலையில் ஒளிந்துகிடந்தான். அவன் பார்க்காத படம் படமே இல்லை என்பது அவள் எண்ணம். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஆள் விட்டு அவனை வரச்சொல்லிவிட்டாள். புத்தியுள்ள பெண் செய்கிற காரியமா அது?

அப்போது நாலு பேருக்கு மேல் கூடத் தடை. அதனால் ஜனங்களை நாலு நாலு பேராக விடுவதென்று முடிவு. ஆனால் கண்காட்சி என்றதும் காரக்கோணத்திலிருந்துகூட நடந்து வந்துவிட்டார்கள். பத்து மணிக்கே கூடத்தில் கால் வைக்க இடமில்லை. விஜயதாஸும் வந்தான், தலையில் துண்டைப் போட்டு, தரையைப் பார்த்தபடி. அவன் நிமிர்வதற்குள் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டது.

இருந்ததோ ஒரே வாசல். லீலாபாய் பதறிப்போய்த் தம்பியின் நெஞ்சில் கைவைத்துப் பின்னால் தள்ளினாள். அவன் சுவரில் மோதவில்லை. மல்லாக்க விளைக்குள் விழுந்தான். நல்ல இடம் என்று கண்ட மற்றவர்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். கண்காட்சிக்காரிகளில் மூன்று பேர்கூடப் போய்விட்டதால், இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிள் பொன்னுதாசும் உள்ளே வந்தபோது கூடத்தில் சரியாக நாலு பெண்கள் நின்றார்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மரச்சீனி விளைக்குள் இறங்கிய காரோட்டுக்காரன் விளைச்சல் எப்படி என்று பார்க்காமல் சும்மா இருப்பானா? சபை மூப்பர் ராபின்சன் ஒரு செடியைப் பிடித்து அசைத்தார். படத்தின் நடுவில் அது ஆடி, சாய்ந்து, காணாமல் போனது. உடனே நாலாபக்கமும் செடிகள் ஆடத் தொடங்கின. இன்ஸ்பெக்டர் படத்துக்குப் பக்கத்தில் போய் விரல் வைத்துப் பார்த்தார். விரலில் ஈர மண்.

"பெயின்ட் காயல்ல சார்," என்றான் பொன்னுதாஸ். செடிகளுக்கு நடுவே குனிந்து கிழங்கு பறித்துக்கொண்டிருந்த தன் அம்மாவின் முதுகை அவன் வந்தவுடனேயே கண்டுகொண்டிருந்தான்.

கூடத்தில் இருந்தோர் நால்வர் என்று எழுதிக்கொண்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.

ஒரு மணிக்கு எல்லோரும் கிழங்கும் கையுமாக வெளியே வந்தார்கள். நன்றாக மாவாய் வெந்தது என்று ஊரில் பேச்சு. விஜயதாஸ் மட்டும் வரவில்லை. அதுவே நல்லது என்று லீலாபாய் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி, அவனுக்கு ஒரு கிணறும் ஓலைக் குடிசையும் வரைந்து கொடுத்தாள். உப்பும் கருவாடும் கை நீட்டிக் கொடுப்பாள். இரண்டு வருடம் போயிற்று. எல்லை பிரித்ததில் விளவங்கோடு மதராசுக்கும் பாறசாலை கேரளத்துக்கும் போயின. பல வீடுகளில் அண்ணன் ஒரு மாநிலம், தங்கை ஒரு மாநிலம். வழக்கு தள்ளுபடியான அன்று லீலாபாய் மூச்சிரைக்க ஓடிவந்து படத்தின் முன் நின்றாள்.

"எலே மக்கா, கேசு போச்சு. வெளிய வா."

"இந்த வரிசைக்கு மண்ணு அணச்சிட்டு வாறேன் அக்கா."

மூன்று நாள் கழித்து வந்தான், கறுத்துப்போய், தாடியும் மீசையுமாக. அவள் கட்டிப்பிடித்து அழுதாள். அவன் மெல்ல விலகி, எதிர்ச்சுவர் வரைக்கும் பின்னால் நடந்து, இரண்டு வருடம் தான் குடியிருந்த படத்தை முதல் தடவையாகப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"நல்லா இருக்கு அக்கா," என்றான். "தெக்கு மூலையில மட்டும் வெயிலு கூடுதலாக்கும்."

லீலாபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த மூலையில் ஒரு பலாமரம் வரைய உட்கார்ந்தாள்.