விராலிமலையில் இறங்காத பந்து

அந்த ஆட்டம் ஐம்பத்திரண்டிலா ஐம்பத்துமூன்றிலா என்பது எனக்கு நிச்சயமில்லை. நடந்ததை முன்பின்னாகவும் சொல்லக்கூடும். ஆனால் விராலிமலை மைதானத்தில், கோலுக்கு ஒரு முழம் முன்னால், ஆள் உயரத்தில் பந்து அந்தரத்தில் நின்றுவிட்டது. இன்றும் அங்கேதான் நிற்கிறது.

ஓட்டோ ஜெர்மனியில் சென்டர் பார்வர்டாக ஆடிப் பேர் வாங்கியவர். இந்தியாவுக்கு வேலையாக வந்த இடத்தில் போர் மூண்டு, கைதிமுகாமில் கிடந்துவிட்டு, நாற்பத்தெட்டில் ஒரு பாதிரியாரோடு இங்கே வந்து கோச் ஆனார். ஊர் அவரைத் தொரை என்றது. சேரியிலிருந்து வெறுங்காலோடு வந்த இருளாண்டியைத் தன் பழைய இடத்தில் நிறுத்திப் பழக்கினார். பைனலில் அவன் ஒரு கோல் போட்டால் திருச்சியில் ஒரு மில் டீமில் ஆட்டமும் வேலையும் என்று பேசி முடித்திருந்தார்.

பைனலன்று மதியம் மைதானத்தின் சொந்தக்காரர் நல்லதம்பி வீட்டில் டீமுக்கு விருந்து. பத்துப் பேருக்கும் தொரைக்கும் கூடத்தில் வாழை இலை. இருளாண்டிக்கு வெளியே வைக்கோல்போர் ஓரம் தையல் இலை. தண்ணீரை உயரத்திலிருந்து கையில் ஊற்றினார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஓட்டோவுக்கு எல்லாம் தெரிந்தது.

"உப்பு போதுமாங்க தொரை?" என்றார் நல்லதம்பி.

"போதுங்க."

சொல்லிவிட்டு ஓட்டோ அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.

கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்துவிட்டு, கோட்டோரம் நின்ற ஓட்டோவைப் பார்த்து இருளாண்டி கேட்டான்: "சாப்பாடு நல்லா இருந்துச்சா சார்?" குரலில் கேலி இல்லை. ஓட்டோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருளாண்டி உதைத்தான். கோலி வேறு பக்கம் விழுந்தார். பந்து போய் அந்தரத்தில் நின்றது. கயிறு கட்டி மாடு பூட்டி இழுத்தும் அசையவில்லை. "தேங்காயாடா, பறிச்சுப் போட?" என்று யாரோ கேட்க, கொஞ்சம் சிரிப்பும் எழுந்தது. கோல் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் ரெப்ரி விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவன் ஆட்டத்தைப் பார்க்க மில்லிலிருந்து வந்திருந்தவர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

இருளாண்டி கல்லுடைக்கப் போனான். சில வருடம் கழித்து ஓட்டோ ஊரே பார்க்க அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவி செவந்தி ஊற்றிய கூழைக் குடித்தார். ஜெர்மனியில் தன்னோடு ஆடிய ஒருவனை, யூதன் என்பதற்காக டீமை விட்டு எடுத்த அன்றும் தான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்ததாகச் சொன்னார்.

"அந்த ஆளு என்ன ஆனாருங்க?" என்று செவந்தி கேட்டாள்.

"தெரியாது."

இருளாண்டி காலிக் கலயத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். பந்து அன்றும் இறங்கவில்லை.

ஓட்டோ அறுபத்துமூன்றில் இங்கேயே செத்தார். நல்லதம்பி புதுக்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். இருளாண்டி இன்னும் கல்லுடைக்கிறான். கோல் கம்பங்களைப் பின்னால் தள்ளி நட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் பந்தில் பாசி பிடிக்கும். இப்போது ஆடுகிறவர்கள் அந்த இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறார்கள்.