ஜெயராணி டீச்சர் பார்த்த மூன்று வெளிச்சங்கள்

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்திலிருந்து பிறந்தது. வானத்தில் இனம்தெரியாத எதையாவது கண்டதாகப் பொதுமக்கள் எழுதிப்போட்டால், ராணுவத்தார் படிவத்தோடு வந்து விசாரிப்பதாகக் கற்பனை செய்தேன். அதில் 'உடனிருந்தவர் பெயர்' என்றொரு கட்டம். அதை நிரப்ப ஆளில்லாத ஒருத்தி எனக்கு வேண்டியிருந்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டின்மேல் அந்திவானம் செம்பருத்தியாய்...'

வேண்டாம். ஜெயராணி டீச்சர் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.

2

2008, ஜூலை. கிள்ளை. ஜெயராணி நடுநிலைப் பள்ளி ஆசிரியை, ஐம்பத்தொரு வயது, தனியாள். (தம்பி கடலூரில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு போன் செய்வான்.) ஒரு சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனவள், கடல் பக்கம் மூன்று வெளிச்சங்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். கால்மணி நேரம் நின்றன. பிறகு மூன்றும் ஒன்றாக மேலேறி மறைந்தன.

பள்ளியில் சொன்னாள், சிரித்தார்கள். விமானப்படைக்கு எழுதினாள்.

செப்டம்பரில் ஜீப் வந்தது. இறங்கியவர் சார்ஜென்ட் பழனிவேல்.

"நமக்கு சேத்தியாத்தோப்புதான் டீச்சர், பயப்படாதீங்க. கைய நீட்டிப் புடிச்சா அந்த வெளிச்சம் எத்தினி வெரல் அகலம் இருந்துச்சி?"

"ரெண்டு வெரல்."

"கூட யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்ல."

"வூட்டுக்குள்ள?"

"வூட்டுலயும் யாரும் இல்ல சார்."

அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். (அவள் பேச்சை ஒருவர் அவ்வளவு நேரம் கேட்டு எத்தனை வருடம் என்று எழுதி, அடித்துவிட்டேன். உங்களுக்கே தெரியும்.)

அடுத்த மாதம் ஒற்றை வரியில் பதில்: 'நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் இல்லை.'

3

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. டிசம்பரில் மறுபடி எழுதினாள். நவம்பர் இருபத்தாறு, ஐந்து வெளிச்சங்கள்.

வருவதாகக் கார்டு போட்டுவிட்டு, பழனிவேல் இந்த முறை தனியாக, சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். அவள் கேசரி கிண்டி வைத்திருந்தாள். அவர் தட்டைத் தொடவில்லை.

"டீச்சர், அன்னிக்குப் புயல். எதுத்த வூடே தெரிஞ்சிருக்காது."

அவள் கேசரித் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"இது பொய்யின்னு நான் எழுதிட்டா மொதல்ல சொன்னதும் பொய்யாயிடும். ரெண்டும் ஒரே ஃபைலு. நீங்களே வாபஸ் வாங்கிடுங்க, கேள்வி வராது. ஆனா ரெண்டும் சேந்துதான் போவும்."

"மொதல்ல பாத்தது நெசம் சார்."

"அத எழுத இதுல எடமில்ல டீச்சர்."

கையெழுத்துப் போட்டாள். நிஜமாகப் பார்த்ததையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். ("நீங்க வருவீங்கன்னுதான் எழுதுனேன்" என்று அவள் சொன்னாளா? சொல்ல வைத்தேன். அப்புறம் வெட்கமாயிருந்தது, அவளுக்கும் எனக்கும்.)

4

அவர் எழுந்தபோது கேட்டாள்: "மொத தடவ நான் பாத்தத நீங்க நம்புறீங்களா?"

ஒரு பிரதியில் "நம்புறேன்" என்கிறார். ஆறுதலுக்குச் சொன்னதுபோல் இருந்தது. இன்னொன்றில் பேசாமல் வெளியேறுகிறார். அவளை அந்த வீட்டில் அப்படி விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை. மூன்றாவதில், "நானும் ஒரு தடவ டூட்டில இருக்கறப்ப..."

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

ஆகவே அவர் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது. அவள் கேட்டுவிட்டாள்; உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லுங்கள்.