அப்பாவி நோயாளிகளாகிய நாங்கள்

டாக்டர் கையெழுத்துக்காக நீட்டிய காகிதத்தைத் தனகோட்டி மூக்குவரை கொண்டுபோனார். பிறகு கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பார்த்தார். இரண்டு தூரத்திலும் அது வெள்ளையாகத்தான் இருந்தது.

கண்புரை ஆபரேஷன் செய்த இரண்டு கண்ணிலும் லென்சுக்குப் பின்னால் சவ்வு மங்கிவிட்டது. லேசரால் ஓட்டை போட ஐந்து நிமிடம். மெஷின் செஞ்சி கிளினிக்கிலேயே இருக்கிறது. லேசர் சுட உரிமையுள்ள டாக்டர் விமல்ராஜ்தான் புதுச்சேரியிலிருந்து மாதம் ஒருமுறை எழுந்தருள்வார். போன மாதம் எழுந்தருளவில்லை. கண் பரிசோதகர்களையும் லேசர் செய்ய விடலாமா என்று அரசு மட்டத்தில் பேச்சு அடிபட்டதால், விளையப்போகும் பேரழிவு குறித்துச் டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் முழங்கிக்கொண்டிருந்தார். இன்றுதான் வந்திருக்கிறார், கையில் ஒரு மனுவோடு. தனகோட்டி முப்பது நாளாக மினி பஸ்ஸைத் தொடவில்லை. திங்கட்கிழமை பார்வைச் சான்று காட்டாவிட்டால் வல்லம் ரூட் வேறு டிரைவருக்கு.

"இன்னா எழுதியிருக்குது, படிம்மா."

கண் பரிசோதகர் கலைமதி மனுவை வாங்கி, ரேஷன் கடைப் பட்டியல் போல வாசித்தாள்: "அப்பாவி நோயாளிகளாகிய நாங்கள், கண் பரிசோதகர்கள் லேசர் கருவியைத் தொடுவதை வன்மையாக எதிர்க்கிறோம்."

"நீ தொடக்கூடாதுன்னு நான் சொல்றனா?"

"ஆமாண்ணா."

"எப்ப சொன்னேன்?"

டாக்டர் இருமினார். "உங்க நல்லதுக்குத்தான். கை தவறினா யார் பொறுப்பு?"

அது நியாயமான கேள்விதான். கலைமதிக்கும் தெரியும், அதனால்தான் முறையான பயிற்சி கேட்டு இரண்டு முறை எழுதிப்போட்டாள். இப்போது தனகோட்டிக்குச் சொட்டு மருந்து விட்டாள், அவர் தாடையைக் கருவியில் பொருத்தினாள், கருவியைச் சரிசெய்தாள். டாக்டர் வந்து உட்கார்ந்து சுட்டார். நன்றாகவே சுட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து தனகோட்டி சுவர் அட்டையின் கடைசி வரிவரை படித்தார். சான்றில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். தனகோட்டி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடி போட்டு மனுவை முழுசாகப் படித்தார்.

"நீங்க வராத மாசம் நான் யார்கிட்ட போறதுன்னு இதுல இல்லியே சார். அதையும் எழுதுங்க, போட்டுடறேன்."

டாக்டர் மனுவை வாங்கினார். பிறகு மடித்து மேசை ஓரமாக வைத்தார்.

அடுத்த நோயாளி சுந்தராம்பாள் தாடையை ஊன்றி உட்கார்ந்தார். கருவியின் பக்கவாட்டில், கற்றுக்கொள்கிறவர் பார்ப்பதற்கென்று ஒரு குழாய் உண்டு. அதன் பிளாஸ்டிக் உறையை இதுவரை யாரும் பிரித்ததில்லை.

"அதைப் பிரிச்சிட்டு வா," என்றார் டாக்டர் கலைமதியிடம். "எங்க சுடணும், நீ சொல்லு."

கலைமதி குழாயில் கண்ணை வைத்தாள். மங்கிய சவ்வின் மேல், லேசர் குறிவைக்கும் சிவப்புப் புள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மேல சார்."

புள்ளி மேலே நகர்ந்தது.