காப்புக் கட்டிய ரதி கண்டிக்குப் போனாள்

மாசி மாதம் வந்தால் ராக்கம்மாவின் புருஷன் தனபாலன் பெண்ணாகிவிடுவான். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் பதினோரு வருஷமாக ரதி வேஷம் அவனுக்குத்தான். சேலை கட்டி அவன் நடந்து வந்தால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களுக்குப் பொறாமை வரும். ராக்கம்மாவுக்குக் கர்வம் வரும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவன் காமனை எரித்துவிடுகிறார். ரதி புலம்பியழ, மனமிரங்கிக் காமனை எழுப்பித் தருகிறார். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். பழைய பாட்டில் ரதி அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவாள். தனபாலனின் ரதி போகவில்லை. அவனே கட்டிச் சேர்த்த அடியை எடுத்துப் பாடினாள்:

“என் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா சாமி,
ஊருக் கண்ணுக்கும் நாட்டுக் கண்ணுக்கும் தெரிய வேணாமா?”

முதல் தடவை கேட்டபோது ராக்கம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளும் அவனும் இதே மலையில் பிறந்தவர்கள். ஆனால் கடல் தாண்டிக் கூலிக்கு வந்தவர்களின் வாரிசுகள் என்பதால் எந்த நாட்டுக்கும் பிரஜைகள் இல்லை. ஓட்டும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. சிவன் வேஷம் கட்டும் அழகர் மட்டும் முகத்தைச் சுளித்தார். திருவிழாத் தலைவரும் அவர்தான். “உன் கண்ணுக்கு மட்டுமே” என்று பழைய அடியையே பதிலாகப் பாடி, வருஷா வருஷம் கூத்தை முடித்துவிடுவார்.

பாட்டோ நிற்கவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடினார்கள். பன்விலத் தோட்டங்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பிரஜாவுரிமைக்காக லயம் லயமாகக் கையெழுத்து வாங்கிய இயக்கத்துக்காரர்கள் ஒவ்வொரு கூட்டத்தையும் அதைப் பாடியே தொடங்கினார்கள். 2003 மாசியில் அவர்களே ஆள் அனுப்பினார்கள். பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்துவது பற்றி விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு கண்டிக்கு வருகிறதாம். பாட்டுக் கட்டியவரே வந்து சொல்ல வேண்டுமாம்.

நாளைப் பார்த்தால், காப்புக் கட்டி நாலாம் நாள். காப்புக் கட்டியவர்கள் காமன் எரியும்வரை தோட்டத்து எல்லையான ஆற்றைத் தாண்டக் கூடாது.

“ஆத்தத் தாண்டினா தெய்வக் குத்தம்,” என்றார் அழகர். “வேற ஆள அனுப்பு.”

தனபாலன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். ராக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே அழகர் வீட்டுக்குப் போனாள்.

“அண்ணே, ரதி வாசல் வாசலா ஆடிப் போறது வழக்கந்தானே?”

“ஆமா தங்கச்சி.”

“ஆடிப் போனா அது கூத்து. தோட்டத்த விட்டுப் போனதா ஆகாது. கண்டி வரைக்கும் ஆடிக்கிட்டே போறோம்.”

“பஸ்ஸிலயா?”

“பஸ்ஸு நிக்கிற எடத்துல எல்லாம் எறங்கி ஆடட்டும். எந்த நாட்டு எல்லைக்குள்ளயும் நம்மள சேக்கல, அண்ணே. நாம என்னடான்னா தோட்டத்து எல்லையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்கோம்.”

“தப்படிக்க ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போங்க. நான் வரல,” என்றார் அழகர்.

அப்படித்தான், நெற்றிச்சுட்டியும் வளையலுமாக ஒரு ரதி பஸ் ஏறினாள். வழியில் அம்பிட்டியவில் இறங்கி ஆடியபோது கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கண்டக்டர் மணியடிக்க மறந்தான்.

மண்டபத்தில் தனபாலன் பாடினான். மொழிபெயர்த்தவர் அடி அடியாகச் சிங்களத்தில் சொன்னார். குழுவுக்குத் தலைமை வகித்த அம்மா இன்னொரு தடவை பாடச் சொன்னார். வெளியே வரும்போது பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால், எழுதுவினைஞர் ‘ரதி, பெண்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.

“தனபாலன்னு எழுதுங்க ஐயா,” என்றாள் ராக்கம்மா. “அரசாங்கக் கடதாசில அவரு பேரு ஒருக்காவாவது வரட்டும்.”

ஒரு பாட்டால் சட்டம் மாறியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எத்தனையோ பேர் செருப்புத் தேய நடந்து வாங்கிய கையெழுத்துகளால் வந்தது அது. ஆனால் அந்தக் கால்களுக்குத் தெம்பு கொடுத்தது பாட்டுத்தான். இதை ராக்கம்மா யாரிடமும் அடித்துச் சொல்வாள். அந்த வருஷக் கடைசியில் சட்டம் வந்தது. இருவரும் படிவம் நிரப்பினார்கள். அடுத்த மாசிக்குள் பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்துவிட்டது.

அந்த மாசிக் கூத்தில், விடிகிற நேரம், ரதி தன் அடிக்கு வந்து தயங்கினாள். கேட்டதுதான் கிடைத்துவிட்டதே, இனிப் பாடுவதா? கூட்டம் காத்திருந்தது. தனபாலன் பாடினான்.

எல்லோரும் சிவனின் பழைய பதிலுக்குக் காத்திருந்தார்கள். அழகர் சூலத்தை ஊன்றி நின்றார். பிறகு, பாட்டாக இல்லாமல், பேச்சாகச் சொன்னார்:

“எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும், போம்மா.”

ராக்கம்மா வெட்கப்படாமல் வாய்விட்டு அழுதாள்.