திரும்பி விழுந்த பெயர்

மரம் செதுக்கும் அந்தக் கணினி இயந்திரத்தில் ஸ்டெப்பர் மோட்டார்களைப் பொருத்தி, வயர் கொடுத்து ஓடவிட்டவள் தங்கை. மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டார் முன்னாலோ அண்ணன், “எல்லாம் என் கைவேலை. இவ கூடமாட நின்னதோட சரி” என்றான்.

அவர்கள் சாப்பிடப் போனதும், செதுக்குமுனையை இடவலமாக நகர்த்தும் மோட்டாரின் ஒரு கம்பிச் சுருளுக்குப் போகும் இரண்டு வயர்களை அவள் இடம் மாற்றிச் செருகினாள். இனி அது எதிர்த்திசையில் ஓடும்.

திரும்பி வந்த அண்ணன் மணப்பெண்ணின் பெயரைச் செதுக்கவிட்டான். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி விழுந்தன. கோளாறு எங்கே என்று தெரியாமல் அவன் கணினியையே குடைந்துகொண்டிருந்தான்.

“என்ன மாப்ளே, எம்பொண்ணு பேரையே புரட்டிட்டீங்க?” என்றார் வருங்கால மாமனார்.

அண்ணன் தங்கையின் காதருகே குனிந்தான். “கொஞ்சம் பாருடி.”

“இதையே அவங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லுண்ணே, பாக்குறேன்” என்றாள்.