இருபத்து மூன்றாவது அறை

பெரிய வீட்டின் காற்றுக்குழாய்களுக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு விட்ட வெள்ளைப் புகை, பத்தே முக்காலுக்கு, மூன்றரை மைல் தள்ளி ஒரு மாடி வீட்டுத் துணி பீரோவிலிருந்து வெளியே வந்தது. புகையை விட்டவள் பசைக்காரி. பீரோவும் அவளுடையதுதான். அந்த வருடம் தபால் ஆபீஸ் கடிகாரம் மழை நாட்களில் மட்டும் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கே யாரும் மனு எழுதிப் போடவில்லை என்பதால், இந்தப் புகையையும் ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவர்கள் மூன்றே பேர்.

பசைக்காரி என்பது ஊர் வைத்த பெயர். எத்தனை சோப்பு போட்டாலும் முழங்கையிலிருந்து போகாத சாம்பல் நிறப் பசைதான் காரணம். பழைய பெரிய வீடுகளில் சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் ஓடுகிற தகரக் குழாய்களைச் செப்பனிட்டு, ஓட்டை அடைப்பது அவள் தொழில். இருபத்தாறு வருடமாக அதே தொழில். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் வீட்டைக் கோட்டை மாதிரி கட்டிவிட்டு, காற்றுக்குழாய்க்கு வரும்போது மட்டும் சாப்பாட்டு மணி அடித்துவிட்டதுபோல அவசரமாக இணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இணைப்புகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அடித்தளத்து ஏசி மெஷின் தம் கட்டித் தள்ளுகிற காற்றில் பாதி, கூரைக்கடியில் குடியிருக்கிற எலிகளுக்குப் போய்ச் சேரும். துணி டேப் ஒட்டுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. இரண்டு கோடை தாண்டினால் அது காய்ந்து உதிர்ந்துவிடும். அவள் கம்பித் தூரிகையால் துரு தேய்த்து, துணியால் துடைத்து, பசையை இரண்டு பூச்சு பூசுவாள். வேலை முடிந்ததும், அறைகளுக்குள் காற்று வந்து விழுகிற கம்பி ஜாலிகளை எல்லாம் மூடி, குழாய்க்குள் காற்றை நிரப்பி, சிவப்புத் தண்ணீர் விட்ட ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்துவாள். எங்காவது காற்று கசிந்தால் தண்ணீர் இறங்கும். அவள் அடைத்த வீட்டில் அந்தத் தண்ணீர் ஒரு மயிரிழை இறங்கியதில்லை.

மார்தட்டிக்கொள்ள அவளுக்கு இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று அந்தத் தண்ணீர். இன்னொன்று அவள் புருஷனின் மூச்சு. அவர் அச்சகங்களுக்கு ப்ரூஃப் பார்க்கிறவர். வீட்டு மேஜையிலேயே வேலை. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தாரானால், ஒரு புள்ளி தப்பாமல் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பார். கமாவுக்குக் கமா என்பார், முற்றுப்புள்ளிக்கு முற்றுப்புள்ளி என்பார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு இளைப்பு. கல்யாணமாகி ஐந்து வாடகை வீடு மாறினார்கள். ஐந்திலும் அவர் தலையணைகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே விடிவதைப் பார்த்தவர். ஆறாவதாக இந்த மாடி வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம், மூட்டை முடிச்சைக்கூட அவிழ்க்காமல், பீரோவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தவர் மறுநாள்தான் எழுந்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம், ஒரு தடவைகூட இளைப்பு வரவில்லை. டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டார். பசைக்காரி தான் அந்த அறையின் விரிசல்களை ஒன்று விடாமல் அடைத்ததுதான் காரணம் என்று கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். புருஷனின் மேஜைக்குக் கீழே சுவரோரம் ஒரே ஒரு விரிசல் மட்டும், எத்தனை முறை அடைத்தாலும் மறுவாரம் வாய் திறந்துகொண்டது. பென்சில் சீவல்கள் தானாகவே அதற்குள் ஓடிவிடுவதால், பெருக்குகிற வேலை மிச்சம் என்று விட்டுவிட்டாள்.

பெரிய வீட்டில் இருபத்திரண்டு அறைகள், ஆள் ஒருத்தி. மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த அறுபது வயதுக்காரி. பெரிய வீட்டம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே வாசலில் நிற்க வைத்துப் பொரிந்து தள்ளினாள். "ஏம்மா, மெஷின் நாள் பூரா ஓடுது, கமா, ஆனா மாடிக்கு ஒரு வாய்க் காத்து ஏற மாட்டேங்குது, முற்றுப்புள்ளி. வீட்டை வாங்கினேனா, கமா, சல்லடையை வாங்கினேனா, கேள்விக்குறி!" வேறு யாராக இருந்தாலும் திடுக்கிட்டிருப்பார்கள். பசைக்காரிக்கு வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. அது உறைக்கவே இல்லை. ஸ்டோர் ரூமில் ஒரு சாய்வு நாற்காலி சுவரோரத்து ஜாலியைப் பார்த்துப் போடப்பட்டிருந்ததையும், ஜாலிக்குக் கீழே பென்சில் சீவல் சிதறிக் கிடந்ததையும்கூட அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, பணக்கார வீட்டில் ஆயிரம் இருக்கும் என்று தாண்டிப் போய்விட்டாள்.

ஐந்தில் இரண்டு பங்கு காற்றைக் காணவில்லை என்று கணக்காயிற்று. எங்கே போகிறது என்று பார்க்கத்தான் செவ்வாய்க்கிழமை புகை மெஷினை வைத்தாள். கூரைக்கடியில் அங்கங்கே புகை கசிந்தது. அவள் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். அப்போதுதான் புருஷன் போன் செய்தார். "ஏய், பதறாதே. நம்ம பீரோவுலேர்ந்து புகை வருது. எரியலை, சூடும் இல்லை. என் வெள்ளைச் சட்டைக்கும் கம்பளிக்கும் நடுவுல வருது." அவள் மெஷினை நிறுத்தினாள், அங்கே புகை நின்றது. போட்டாள், வந்தது. மூன்று தடவை அப்படிச் செய்தும் மாறவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, இரண்டாம் மாடித் துணி அறைக்குப் பின்னால், வீட்டின் கட்டடப் படத்தில் இல்லாத ஒரு கிளைக்குழாய் அகப்பட்டது. சுவர் ஒன்றரை அடிதான். அதற்கப்பால் தோட்டமும் வானமும். ஆனால் குழாய் துடைக்கிற குச்சிகளை ஒன்றோடொன்று திருகி, ஏழு குச்சி, இருபத்தெட்டு அடி உள்ளே விட்டாள், ஒன்றும் தட்டவில்லை. போனில் புருஷன், "உன் பிரஷ் வந்துடுச்சு, பிடிச்சுக்கிட்டேன்" என்றார். அவர் லேசாக இழுத்தார், அவள் கை முன்னே போயிற்று. இருவரும் சற்று நேரம் அந்தக் குச்சியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது வருடம் அவர் மூச்சு விட்டது பெரிய வீட்டின் காற்றில் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. நான்கு அடுக்கு ஃபில்டரில் சலித்து, குளிர்ந்து, தூசு தும்பில்லாமல் வந்த காற்று. அவளுடைய பசைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது கொஞ்சம் வலித்தது. அதைவிடப் பெரியது மற்ற விஷயம்: அந்த ஓட்டையை அடைத்தால் புருஷனுக்கு மூச்சு இல்லை, அடைக்காவிட்டால் அவளை நம்பி வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டவளுக்குத் துரோகம். மூன்று நாள் மற்ற ஓட்டைகளை எல்லாம் அடைத்தாள். அதை மட்டும் தொடவில்லை. சிவப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"அடுத்தவங்க காத்தை எத்தனை நாளைக்குத் திருடி மூச்சு விடறது? அடைச்சுடு."

"ஆமா, பெரிய தர்மப்பிரபு! இளைப்பு வந்தா தலைமாட்டுல உக்காந்து அழறது நான்தானே!"

"அப்போ அடைக்காதே. ஆனா அந்தம்மாகிட்ட சொல்லிடு."

சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் பிச்சை கேட்பது மாதிரி இருக்கும் என்று தோன்றியது. அவள் யாரிடமும் கேட்டுப் பழகாதவள். சனிக்கிழமை மத்தியானம் இரண்டேகால் மணிக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு, கிளைக்குழாயின் வாயில் தகரத் தட்டை வைத்து மூன்று பூச்சு பூசினாள். தண்ணீர் அசையாமல் நின்றது. தொழிலுக்கு வந்து முதல் தடவையாக, நின்ற தண்ணீரைப் பார்த்து அழுதாள்.

திங்கட்கிழமையே இளைப்பு வந்துவிட்டது. ஒன்பது வருடம் எங்கேயோ காத்திருந்துவிட்டு, வட்டியோடு வந்தது. தலையணைகள் மறுபடி அடுக்கேறின. பழைய டாக்டர் பழைய மருந்தையே புதுச் சீட்டில் எழுதினார். மேஜையில் ஒரு நாவலின் ப்ரூஃப் பாதியில் கிடந்தது. ஒரு வரி படிக்க மூன்று தடவை நிறுத்த வேண்டியிருந்ததால், அவர் வாய்விட்டுப் படிப்பதையே விட்டுவிட்டார். அவள் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், ஈரத்துணி கட்டிப் பார்த்தாள். ஊரிலுள்ள காற்றையெல்லாம் கட்டி மேய்த்தவளுக்கு, ஒரு மனுஷனுக்கு வேண்டிய காற்றைக் கொண்டுவரத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பெரிய வீட்டம்மா ஆளனுப்பினாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வீடு ஜில்லுன்னு இருக்கு, கமா, குறை சொல்ல மாட்டேன், முற்றுப்புள்ளி. ஆனா என் ஸ்டோர் ரூமை நீ என்ன பண்ணினே, கேள்விக்குறி!"

"ஸ்டோர் ரூமை நான் தொடவே இல்லைங்கம்மா."

"அப்புறம் குரல் எங்கே போச்சு? மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த ஜாலியில ஒரு குரல் வரும். ஒன்பது வருஷமா வருது. ரயில் டைம் டேபிள் பூரா அதுல கேட்டுத்தான் எனக்கு மனப்பாடம். மாட்டுக் குளம்பு நோய்க்கு என்ன மருந்துன்னு கேளு, சொல்றேன். ஆறாவது வகுப்பு ஜியாமெட்ரி ரெண்டு தரம் ஆச்சு. போன மாசம்தான் ஒரு கதை ஆரம்பிச்சுது. ரயில் நின்னுச்சு, அந்தப் பொண்ணு பெட்டியோட கதவுகிட்ட வந்தா, வெளியே பார்த்தா, கமான்னு சொல்லிச்சு. அவ்வளவுதான், சனிக்கிழமையிலேர்ந்து ஒண்ணும் இல்லை! அவ எறங்கினாளா இல்லையான்னு தெரியாம எனக்குத் தூக்கம் போச்சு."

பசைக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். போன காற்று எங்கேயாவது திரும்பி வந்துதான் ஆக வேண்டும். வீடு வீடாக அவள் சொல்லிவந்த பாலபாடம் அது. ஊருக்குத்தான் உபதேசம். புகை காட்டுவது போகிற ஓட்டையை மட்டும்தான். வருகிற ஓட்டையைக் காட்டாது. பீரோ வழியாகப் போன காற்று, மேஜைக்குக் கீழே இருந்த அந்த விரிசல் வழியாக, பென்சில் சீவலையும் புருஷனின் குரலையும் அள்ளிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பியிருக்கிறது. போக்கை அடைத்ததும் வரத்தும் நின்றுவிட்டது. அவள் அங்கேயே படியில் உட்கார்ந்து, பீரோ, புகை, இளைப்பு, பூசிய மூன்று பூச்சு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது பெரிய வீட்டம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரிய வீட்டம்மா கடைசி வரை கேட்டாள். பிறகு, "நாலு நாளாவா மூச்சு விட முடியாம இருக்காரு?" என்றாள். "நாலு நாளா என்கிட்ட சொல்லாம இருந்தியா? மருந்துக்கடைக்காரிகிட்ட? போ, முதல்ல போய் அதைப் பிரி. அப்புறம் நான் உன்னைத் திட்டறேன்." சொன்னபடியே, பசையைச் சுரண்டி முடிக்கும் வரை பக்கத்தில் நின்று திட்டினாள். திட்டில் ஒரு கமாவும் வரவில்லை.

ஆனால் ஓட்டையை ஓட்டையாகவே விட பசைக்காரிக்குக் கை வரவில்லை. கிளைக்குழாயின் வாயில் புதுத் தகரத்தில் ஒரு கழுத்து செய்து பொருத்தி, இணைப்பைச் சுற்றிப் பசை பூசினாள். வீட்டுக்குப் போய் பீரோவின் முதுகில் வட்டமாக வெட்டி ஒரு ஜாலி வைத்தாள். மேஜைக்குக் கீழிருந்த விரிசலைச் சதுரமாக்கி அதற்கும் ஒன்று வைத்தாள். எல்லா ஜாலிகளையும், அந்த இரண்டையும் சேர்த்து மூடிவிட்டுச் சோதித்தபோது, சிவப்புத் தண்ணீர் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஓட்டை வேறு, அறை வேறு. பெரிய வீட்டின் படத்தில், காகிதத்தின் ஓரம் வரை ஒரு கோடு இழுத்து, இருபத்து மூன்று என்று எழுதினாள். நான்கு வருடம் கழித்துக் கட்டட இன்ஸ்பெக்டர் வந்தபோது அந்த அறையை மூன்றரை மைல் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு, ஜன்னல் இரண்டு என்று குறித்துக்கொண்டு போனார். ப்ரூஃப்காரரும் பெரிய வீட்டம்மாவும் ஒரே ஒரு தடவை நேரில் சந்தித்தார்கள். இருவருக்கும் கூச்சம், வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிரிந்தார்கள். மத்தியானம் இரண்டு மணி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அதெல்லாம் பிற்பாடு. வேலை முடிந்த சனிக்கிழமை, இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, பசைக்காரி பெரிய வீட்டு ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டிருந்தாள். எந்த வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று காலையில் புருஷனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பெரிய வீட்டம்மா சாய்வு நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். முதலில் காகிதம் புரளும் சத்தம் வந்தது. பிறகு ஒரு இருமல். பசைக்காரி ஜாலியருகே குனிந்துவிட்டாள். அது தொண்டையைச் செருமிக்கொள்கிற இருமல்தான்.

"ஒரு கையில் பெட்டியும், கமா, மறு கையில் குடையும், கமா, பல்லில் கடித்த டிக்கெட்டுமாக, கமா, யாரிடமும் வழி கேட்காமல், கமா, முதுகை நிமிர்த்திக்கொண்டு அவள் இறங்கியே விட்டாள், முற்றுப்புள்ளி."

நான்கு கமாக்களுக்கும் நடுவே நெஞ்சு விசில் அடிக்கிறதா என்று பசைக்காரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அடிக்கவில்லை. முழு வாக்கியத்தையும் அவர் ஒரே மூச்சில் படித்து முடித்திருந்தார்.

"எறங்கிட்டா" என்றாள் பெரிய வீட்டம்மா. எழுந்து போய் பசைக்காரிக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.